தலைப்பாகை யாருக்கு, சும்மாடு யாருக்கு?

ஒரு முழத் துண்டை நான்கு விதமாக வைத்துக்கொள்ளலாம். தோளில் போடலாம். இடுப்பில் கட்டலாம். கக்கத்தில் இடுக்கலாம். தலையில் சுற்றலாம். துணி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஆனால் தென் மாவட்டக் கிராமங்களில் மூன்று தலைமுறைக்கு முன்பு வரை, ஒருவர் துண்டை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தே அவர் எந்தத் தெருக்காரர் என்று சொல்லிவிடலாம். எதிரே வருபவரைப் பார்த்ததும் அந்தத் துண்டு தலையிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போனால், வருகிறவர் யார் என்றும் சொல்லிவிடலாம்.

உலகின் பாரம்பரியத் தொப்பிகள், தலைப்பாகைகள் பற்றி இணையத்தில் ஏராளமான படத்தொகுப்புகள் கிடைக்கின்றன. மெக்சிகோவின் அகன்ற தொப்பி, வியட்நாமின் கூம்புத் தொப்பி, பஞ்சாபின் தலைப்பாகை, ராஜஸ்தானின் சாஃபா என்று வண்ணமயமாக இருக்கும். கடைசியில் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று ஒரு வரியும் இருக்கும். அந்தப் படங்களில் இல்லாத ஒரு கேள்வி உண்டு. அதைக் கட்டிக்கொள்ள யாருக்கு அனுமதி இருந்தது? யாருடைய தலையிலிருந்து அது இறக்கப்பட்டது? பண்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள். சாதி ஒழிப்பைப் பேசுகிற நாம் தாண்டிப் போக முடியாது.

தலை என்றால் யார்

நம் மொழியிலேயே ஆரம்பிப்போம். தென்காசி, சங்கரன்கோவில், சிவகிரி வட்டாரங்களில் கோயில் கொடைக்கு வரி பிரிப்பார்கள். அதற்குத் தலைக்கட்டு வரி என்று பெயர். 'இந்தத் தெருவில் எத்தனை தலைக்கட்டு?' என்றால் எத்தனை குடும்பம் என்று பொருள். தலைக்கட்டு என்ற சொல்லுக்குத் தலைப்பாகை என்றும் பொருள் உண்டு, குடும்பத் தலைவன் என்றும் பொருள் உண்டு. தலையில் துணி கட்டும் உரிமையுள்ளவன் எவனோ அவனே ஊரில் ஒரு கணக்கு. தகப்பன் இறந்த பிறகு கருமாதியில் மகனுக்கு உருமால் கட்டுவதும் இதே கணக்கில்தான் வருகிறது. இனி இந்த வீட்டுக்கு இவன் தலை என்று ஊர் ஒப்புக்கொள்கிறது.

இந்தக் கணக்கில் இரண்டு பேர் வருவதில்லை. ஒன்று, பெண். கணவனை இழந்து, பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்து வீட்டை நிமிர்த்தும் பெண்கள் தென்காசி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஊர்க்கணக்கில் அவர்கள் முழுத் தலைக்கட்டு இல்லை. ஆணுக்குத் தலையில் துணி ஏறினால் அது பட்டம். பெண்ணுக்குத் தலையில் துணி ஏறினால் அது முக்காடு. இரண்டாவது, ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சேரி. 'உங்ககிட்ட வரி வேண்டாம்' என்று சொல்வது கேட்பதற்குச் சலுகை போல இருக்கும். அதன் பொருள், கோயிலில் உனக்குப் பங்கில்லை, தேரில் உனக்கு வடம் இல்லை, கூட்டத்தில் உனக்குப் பேச்சில்லை என்பதுதான். சாதி மாறித் திருமணம் செய்தவர்களின் குடும்பத்தை ஒதுக்க நினைக்கும் ஊர்களும் முதலில் செய்வது வரியை வாங்க மறுப்பதைத்தான். தலைக்கட்டு இல்லாதவனுக்குத் தலை இல்லை.

ஆனால் அதே தலை வேலைக்கு மட்டும் தேவைப்பட்டது. துண்டை விரித்துச் சுற்றினால் தலைப்பாகை. அதையே முறுக்கி வட்டமாக்கி உச்சியில் வைத்தால் சும்மாடு. நெல் மூட்டை, செங்கல், மண் சட்டி, விறகுக் கட்டு, மலம் நிறைந்த கூடை என எல்லாம் சும்மாட்டின் மேல் ஏறின. சும்மாடு வைக்காதே என்று எந்த ஊரிலும் கட்டுப்பாடு போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. சுமை ஏறும்போது தலையில் துணி இருக்கலாம், சுமை இறங்கியதும் துணியும் இறங்கிவிட வேண்டும். சாதி எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்று புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும். சாதிக்குத் துணி மேல் வெறுப்பு இல்லை. அந்தத் துணிக்குக் கீழே இருக்கும் தலை நிமிர்வதில்தான் வெறுப்பு.

எழுதிவைத்த தடைகள்

இதெல்லாம் வாய்வழிக் கதை என்று ஒதுக்க முடியாது. அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் இந்தூர்ப் பகுதியின் பலாய் மக்களைப் பற்றி எழுதுகிறார். 1928இல் அங்கே பதினைந்துக்கும் மேற்பட்ட கிராமங்களின் மேல்சாதியினர் கூடி, பலாய்கள் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை அறிவித்தார்கள். அந்தப் பட்டியலின் முதல் விதியே தலைப்பாகை பற்றியது. சரிகைக் கரை போட்ட தலைப்பாகை கட்டக் கூடாது. அதன் பிறகுதான் வேட்டியின் கரை, பெண்களின் நகை, கூலியில்லா வேலை எல்லாம் வருகின்றன. ஒரு மனிதனை அடக்க முதலில் எதைப் பிடிக்க வேண்டும் என்று அந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு விதி. அதில் முடி, குடை, பூ மூன்றும் தலையைப் பற்றியவை. திருநெல்வேலிச் சீமையிலும் தெற்குத் திருவிதாங்கூரிலும் நாடார் மக்களுக்கும் ஒரு காலத்தில் குடையும் செருப்பும் தங்க நகையும் மறுக்கப்பட்டிருந்தன. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூட விடவில்லை. தலையில்தான் சுமக்க வேண்டும். இங்கேயும் சும்மாட்டுக்குத்தான் அனுமதி.

உலகத்தில் வேறெங்கும் இப்படி நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1215இல் ரோமில் கூடிய கிறித்தவப் பேரவை, யூதர்கள் உடையாலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று விதித்தது. ஜெர்மன் பேசும் நாடுகளில் அது கூரான தொப்பியாக வந்து சேர்ந்தது. 1786இல் ஸ்பெயினின் கீழ் இருந்த லூசியானாவில் ஆளுநர் மீரோ, விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்கள் தலைமுடியைக் காட்டக் கூடாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கட்டச் சொன்ன துணியையே வண்ணவண்ணமாக, இறகும் மணியும் வைத்துக் கட்டினார்கள். இழிவுக்குப் போட்ட உத்தரவு அழகாகத் திரும்பியது. இன்னும் முந்தைய ரோமில், அடிமை விடுதலை பெறும்போது தலையில் ஒரு கம்பளித் தொப்பி ஏறும். பிரெஞ்சுப் புரட்சியில் விடுதலையின் சின்னமாக வந்த சிவப்புத் தொப்பியின் பின்னால் இந்த நினைவும் இருக்கிறது. ஒரு சமூகம் யாரைச் சுதந்திர மனிதன் என்று கருதுகிறது என்பதைத் தலை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நம் ஊரில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பெரும்பாலும் அரசன் உத்தரவு, ஆளுநர் சட்டம். உத்தரவை மாற்றினால் தொப்பி மாறும். இங்கே உத்தரவு போட்டது பக்கத்துத் தெரு. அதைக் காவல் காத்ததும் பக்கத்துத் தெரு. அதற்குக் கடவுள் பெயரும் வழக்கம் என்ற பெயரும் இருந்தன. அதனால்தான் அரசுகள் மாறிய பிறகும் அது போகவில்லை.

கட்டிக் காட்டியவர்கள்

தடை இருந்த இடத்திலெல்லாம் அதை மீறியவர்களும் இருந்தார்கள். 1809இல் பிறந்த அய்யா வைகுண்டர், தோள்சீலைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த தெற்குத் திருவிதாங்கூரில், தம்மிடம் வந்த ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டே வழிபட வேண்டும் என்றார். கடவுள் முன்னால் துண்டை இறக்கு என்று எல்லாக் கோயிலும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. சாமி கும்பிடும்போதே துண்டு தலையில் இருக்கலாம் என்றால், பண்ணையார் முன்னால் எதற்கு இறக்க வேண்டும்? திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்ததில் வியப்பில்லை. இன்றும் சாமித்தோப்பிலும் தென் மாவட்டங்களின் நிழல் தாங்கல்களிலும் ஆண்கள் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள். கருவறையில் கண்ணாடி இருக்கிறது. அதில் தெரிவது தலைப்பாகை கட்டிய தன் முகம்தான்.

1893இல் அய்யங்காளி வில்வண்டி வாங்கி, வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையுமாகத் திருவிதாங்கூரின் பொதுச் சாலையில் போனார். புலையருக்கு மறுக்கப்பட்டிருந்த சாலை, மறுக்கப்பட்டிருந்த உடை, இரண்டையும் ஒரே பயணத்தில் எடுத்துக்கொண்டார். சென்னையில் அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் நமக்குக் கிடைத்திருக்கும் படங்களில் தலைப்பாகையோடு இருக்கிறார்கள். அந்தப் படங்களை அலங்காரம் என்று பார்க்கக் கூடாது. யார் முன்னாலும் இறக்க மாட்டேன் என்ற அறிவிப்பு அது.

சுயமரியாதை இயக்கத்தில் இன்றும் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். நாதஸ்வரக் கலைஞர் சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்துக்கொண்டு வந்தார். துண்டை எடு என்று பெரிய மனிதர்கள் அதட்டினார்கள். எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரிசாமி பக்கத்தில் நின்றார். துண்டு எடுக்கப்படவில்லை. ஊதுகிறவனுக்கு மூச்சு முட்டும்போது முகம் துடைக்க வேண்டிய துண்டு அது. அதற்கே ஒரு இயக்கம் கூட நிற்க வேண்டியிருந்தது.

இந்த வரிசையில் தென்காசிப் பக்கத்துக்கு நெருக்கமான இன்னொரு தலைப்பாகையும் உண்டு. 1918 டிசம்பரில் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வந்து 1920 வரை அங்கே வாழ்ந்தார். தமிழ்நாட்டில் அதிகம் வரையப்பட்ட தலைப்பாகை அவருடையதுதான். அக்கிரகார ஆசாரத்தை அவர் மீறினார், அதற்காக ஒதுக்கப்பட்டார் என்பது உண்மை. ஆனால் ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிராமணரான பாரதி முண்டாசு கட்டியபோது ஊர் அவரைக் கிறுக்கு என்றது. அதே காலத்தில் சேரி இளைஞன் கட்டியிருந்தால் ஊர் அதைத் திமிர் என்றிருக்கும். கிறுக்குக்குக் கேலி, திமிருக்கு அடி. மீறல் ஒன்றாக இருந்தாலும் தண்டனை சாதிக்கேற்பத்தான் கிடைத்தது. பாரதியின் முண்டாசைக் கொண்டாடுகிற தமிழ்ப் பொதுப்புத்தி, அய்யங்காளியின் தலைப்பாகையைப் பாடப்புத்தகத்தில் தேடிப் பார்க்கவாவது செய்யுமா?

எல்லையில் இருந்த ஊர்

தென்காசி மாவட்டத்துக்கு இந்த வரலாற்றில் ஒரு தனி இடம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் இருந்தன. சில மைல் தூரத்துக்குள் இரண்டு அரசுகள். திருவிதாங்கூரில் 1936 நவம்பரில் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1939இல்தான் கோயிலைத் திறக்க நினைப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது, 1947இல்தான் பொதுவான சட்டம் வந்தது. அதாவது ஒரே மலையடிவாரத்தில், ஒரே சாரல் நனைக்கும் ஊர்களில், எல்லைக்கு அந்தப் பக்கம் கோயிலுக்குள் போகலாம், இந்தப் பக்கம் போகக் கூடாது என்று சில ஆண்டுகள் இருந்திருக்கிறது. வழக்கம் என்பது ஆதிகாலத்திலிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள். ஒரு அரசாணை மாற்றக்கூடியதா ஆதிகாலம்?

குற்றாலத்து அருவியில் எல்லோரும் ஒரே துண்டோடு தலை துவட்டும் காட்சியைச் சமத்துவம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் எல்லோருக்கும் தானாகத் திறந்துவிடவில்லை. 1934இல் தீண்டாமை எதிர்ப்புப் பயணத்தில் குற்றாலம் வந்த காந்தி, தாழ்த்தப்பட்டோருக்கு அருவிக்குப் போக வழி மறுக்கப்படுவதை அறிந்து அதில் குளிக்காமல் திரும்பினார் என்பது இந்த ஊரில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. காந்தியோடு நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் இயற்கையே பொதுவானது, சாதி மனிதர்களின் மனதில் மட்டும்தான் இருக்கிறது என்று கவிதை பேசுகிறவர்களுக்கு இந்தச் செய்தி நல்ல பதில். அருவி பொதுவாகத்தான் விழுந்தது. வழிதான் பொதுவாக இல்லை.

1981 பிப்ரவரியில் இதே மாவட்டத்தின் மீனாட்சிபுரம் இந்தியா முழுவதும் பேசப்பட்டது. நூற்றுக்கணக்கான பட்டியல் சாதி மக்கள் ஒரே நேரத்தில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். வளைகுடாப் பணம் என்றார்கள், சதி என்றார்கள், தில்லியிலிருந்து தலைவர்கள் வரிசையாக வந்து இறங்கினார்கள். மக்கள் சொன்ன காரணம் எளிமையானது. தேநீர்க் கடையில், பேருந்தில், தெருவில் அன்றாடம் பட்ட அவமானம். பேரன் வயதுப் பையன் தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அவமானம். மதம் மாறிய பிறகு 'வாங்க பாய்' என்று கூப்பிட்டார்கள் என்பதை அந்த மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி ஏறியது, 'டேய்' என்ற விளி இறங்கியது. நூற்றாண்டுகளாகத் தலைப்பாகை மறுத்த சமூகத்துக்கு, மாற்றுத் தொப்பி ஒன்று கிடைத்துவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

தொப்பிக்கு அரசும் விலை வைத்திருக்கிறது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் விரிந்தது. முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இன்றுவரை இல்லை. தலைப்பாகைக்கு மாறினால் இட ஒதுக்கீடு தொடரும், தொப்பிக்கு மாறினால் போய்விடும். ஆண்டுதோறும் ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டையில் வண்ணத் தலைப்பாகையோடு தோன்றும் பிரதமர்தான், 2011இல் குஜராத் முதல்வராக இருந்தபோது மேடையில் ஒரு இமாம் நீட்டிய தொப்பியை மறுத்தவர். எந்தத் துணி தேசியம், எந்தத் துணி அந்நியம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது.

இன்னும் இறங்காத பரிவட்டம்

'இதெல்லாம் பழைய கதை. இன்றைக்கு யார் தலைப்பாகை கட்டுகிறார்கள்?' என்று கேட்கலாம். 2022 பிப்ரவரியில் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டம் மோட்டா கிராமத்தில் ஒரு தலித் திருமண ஊர்வலம் நடந்தது. எதிர்ப்பு வந்ததால் குதிரையை விட்டுவிட்டார்கள். ஊர்வலத்தில் வந்தவர்கள் சாஃபா கட்டியிருந்தார்கள் என்று அதற்கும் கல்லெறிந்தார்கள். குதிரையை விட்டால் தலைப்பாகை, தலைப்பாகையை விட்டால் மீசை. விட்டுக்கொடுப்பதற்கு முடிவே இல்லை. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாயமாக மொட்டையடிப்பதையும் மீசையை எடுப்பதையும் தனியாகக் குறிப்பிடுகிறது. செருப்பு, புத்தாடை அணிவதையும் திருமண ஊர்வலத்தையும் குதிரையேறுவதையும் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. நாடாளுமன்றம் இவ்வளவு நுணுக்கமாகப் பட்டியல் போட வேண்டியிருந்ததே, இது பழைய கதை இல்லை என்பதற்குச் சான்று. இந்தச் சட்டத்தின் வேறொரு பிரிவைத்தான் 2022இல் நம் மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில் பார்த்தோம். ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்தவர்களை ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் தள்ளிவைத்தது. கட்டுப்பாடு போடுகிறவர்களுக்கே ஒரு கட்டுப்பாடு போட முடியும் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

தமிழ்நாட்டில் தலைப்பாகை இன்று முழு அதிகாரத்தோடு எஞ்சியிருக்கும் இடம் கோயில். அங்கே அதற்குப் பரிவட்டம் என்று பெயர். சாமிக்குச் சாத்திய துணியைத் தலையில் கட்டி முதல் மரியாதை செய்வது. அந்தத் துணியில் ஒரு பைசாவுக்கும் பெறுமானம் இல்லை. ஆனால் எந்தச் சாதியின் எந்தக் குடும்பத்துக்கு முதலில் கட்டுவது என்பதற்காகத் தேர் நின்றிருக்கிறது, கொடை நின்றிருக்கிறது, வெட்டு குத்து நடந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் முதல் மரியாதையையும் வடம் பிடிப்பதையும் ஒட்டி எழுந்த தகராறில் தேர் ஆண்டுக்கணக்கில் ஓடவில்லை.

இதில் அரசுக்குப் பங்கில்லை என்று நினைக்க வேண்டாம். 1959இன் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, வழக்கப்படியோ வேறுவகையிலோ ஒருவருக்குக் கோயிலில் மரியாதை பெற உரிமை உண்டா என்ற தகராறைத் தீர்க்கும் அதிகாரத்தைத் துறை அதிகாரிக்குக் கொடுக்கிறது. அதாவது இன்னாருக்குப் பரிவட்டம் கட்டுவது வழக்கமா என்று விசாரிக்க, ஒரு அரசு அலுவலகம் இருக்கிறது. வழக்கம் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? யாரையெல்லாம் கோயிலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்த காலத்தில் உருவானதோ, அந்த வழக்கம். 1947க்கு முன் உள்ளே வரவே முடியாதவர் எந்த வழக்கத்தைக் காட்டுவார்? தீண்டாமை எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு. விலக்கிவைத்ததன் பலனை உரிமையாகக் கணக்கெழுதும் ஒரு ஏற்பாட்டைச் சட்டத்துக்குள் எப்படி வைத்திருக்க முடியும்?

எங்களுக்கும் பரிவட்டம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் சாதி மக்களின் கோரிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. மறுக்கப்பட்டதைக் கேட்பது நியாயம். ஆனால் அது பத்தாவது தலையாகக் கடைசியில் கட்டப்படும் துணியாக முடிந்துவிடக் கூடாது. பரிவட்டத்தின் வேலையே வரிசை போடுவது. முதல் என்று ஒருவர் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. வரிசையில் இடம் கேட்பதைவிட, வரிசையைக் கலைக்கக் கேட்பதுதான் சாதி ஒழிப்புக்கு உகந்தது. வைகுண்டர் அதைத்தான் செய்தார். ஒருவருக்கு முதலில் கட்டி மற்றவர்களை நிறுத்திவைக்கவில்லை. வந்தவர் எல்லோரையும் கட்டச் சொன்னார். எல்லோர் தலையிலும் ஏறிய பிறகு அது மரியாதை வரிசை இல்லை, வெறும் துணி.

நம் தலையில் என்ன கட்டியிருக்கிறோம்

கடைசியாக, நம் தலைமுறையிடம் ஒரு பேச்சு. தென் மாவட்டங்களில் குருபூசை, நினைவு நாள் என்றால் இருசக்கர வாகனங்களில் போகும் இளைஞர்களின் நெற்றியில் சாதிக்கொரு நிறத்தில் துணி கட்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்றது. மதத்தில் கைவைக்கிறார்கள் என்று உடனே கூச்சல் எழுந்தது. சாதி மோதலைத் தடுக்கச் சொன்ன யோசனையை மத மோதலாக மாற்றுவதில் சிலருக்கு ஆதாயம் இருக்கிறது.

'எல்லாச் சாதிப் பையன்களும்தான் துணி கட்டுகிறார்கள், பட்டியல் சாதி இளைஞர்கள் கட்டவில்லையா?' என்று இதற்குப் பதில் வரும். இரண்டையும் சமம் என்று சொல்வது நேர்மையில்லை. ஒன்று, நூறு ஆண்டுக்கு முன் துணியே மறுக்கப்பட்டவர்கள் வீதியில் பயமில்லாமல் நடப்பது. இன்னொன்று, மறுத்தவர்களின் பேரன்கள் அந்த நாளைத் திரும்பக் கேட்பது. இம்மானுவேல் சேகரன் 1957இல் கொல்லப்பட்டதே, அமைதிக் கூட்டத்தில் அவர் சமமாக உட்கார்ந்து பேசியதைப் பொறுக்காமல்தான். அவர் நினைவுநாளில் கூடுவதும், ஆதிக்கத்தின் பெருமையைக் கொண்டாடக் கூடுவதும் ஒன்றாகாது.

ஆனால் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. எதிர்ப்பாகத் தொடங்கிய துணி, காலப்போக்கில் தன் சாதிக்கு ஒரு கொடியாகச் சுருங்கிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. குடையும் செருப்பும் மறுக்கப்பட்டிருந்த சமூகங்கள் போராடி வென்ற பிறகு, தங்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களின் குடையைப் பற்றிக் கவலைப்பட்டார்களா என்று வரலாற்றைக் கேட்டால் மகிழ்ச்சியான பதில் அதிகம் கிடைக்காது. நாளைக்கு நம்மைப் பற்றியும் அருந்ததியர் தெருவிலிருந்து அப்படி ஒரு கேள்வி வரும். நெற்கட்டும்செவலின் பூலித்தேவன் படையில் ஒண்டிவீரன் இருந்தார், வெண்ணிக்காலாடி இருந்தார். அவர்கள் ஒரே பகையை எதிர்த்து நின்றவர்கள். இன்று அவர்களுக்குத் தனித்தனி விழா, தனித்தனி நிறம், தனித்தனி காவல் பாதுகாப்பு. சிலைகளுக்குத் தலைப்பாகை வைத்துவிட்டோம், சிலைகளைச் சுற்றிக் கூண்டும் வைத்துவிட்டோம்.

அதனால் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். அறநிலையத் துறைக் கோயில்களில் சாதி, குடும்ப அடிப்படையிலான பரிவட்டமும் முதல் மரியாதையும் முற்றாக நிறுத்தப்பட வேண்டும். அதற்கேற்ப 63ஆவது பிரிவு திருத்தப்பட வேண்டும். எந்தத் தெருவிடமும் தலைக்கட்டு வரி வாங்க மறுப்பதும், பெண்ணின் தலைமையில் உள்ள குடும்பத்தை முழுக் கணக்கில் சேர்க்காததும் ஊர் விலக்கமாகக் கருதப்பட வேண்டும். சந்துரு குழு அறிக்கை கோப்பில் தூங்காமல், பிள்ளைகளோடும் பெற்றோர்களோடும் பேசி நடைமுறைக்கு வர வேண்டும். சட்டத்தைக் காட்டிக் கயிற்றை அறுப்பதோடு வேலை முடிந்துவிடாது. அந்தக் கயிறு ஏன் தேவைப்படுகிறது என்று பிள்ளைகளிடம் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும்.

இன்றும் தென்காசி மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் நூறு நாள் வேலை நடக்கும் குளக்கரைகளிலும் சும்மாட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் தலையில் இருக்கும் துணியைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை, அதற்கு ஒரு நிறமும் கிடையாது. சுமையை இறக்கிவைத்து அந்தத் துணியை அவர்கள் விருப்பம்போல் கட்டிக்கொள்ளவோ, வேண்டாம் என்று உதறிவிடவோ முடிகிற நாள் வரை, நம் பண்பாட்டுப் பெருமையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.